சித்திரைக்குள் வீட்டை வெளிர் நிறத்துக்கு மாற்ற: வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் மார்கழியில் சுவர்கள் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை இன்னும் முழுதாக விட்டிருக்காது. சந்தனம், மாந்தளிர், இளம்பச்சை மாதிரி மென்மையான நிறங்கள் அடிக்க நினைப்பவர்களுக்கு மாசியும் பங்குனியும்தான் சரியான மாதங்கள். காற்று காய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ஏப்ரல் 14 சித்திரை முதல் நாளுக்கு வீடு தயாராகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடர்ந்த நிறம் சுவரில் இருக்கும் கறையை ஓரளவு மூடிவிடும். வெளிர் நிறம் மூடாது. ஈரத்திட்டு, பழைய நிறத்தின் சாயல், எண்ணெய்க் கை பட்ட இடம் எல்லாம் மேலே வந்துவிடும். அதனால் நிற அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்தான் இங்கே அதிகம். எங்கள் வாடகை வீட்டில் இந்த வேலை இழுத்துக்கொண்டே போனதற்கும் அதுதான் காரணம். பெயின்ட் அடித்த நாட்களைவிட அதற்கு முன்னால் அலைந்த நாட்களே அதிகம்.

1. ஹவுஸ் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

"உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க, என்ன கலர் வேணா அடிச்சுக்கோங்க" என்று வாயால் சொல்லும் ஓனர்கள் நிறைய. வீடு காலி செய்யும் நாளில் அந்தப் பேச்சு எதற்கும் உதவாது. முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சென்னையில் பல ஒப்பந்தங்களில், காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் செலவில் இப்போது பெயின்ட் அடித்துவிட்டு, காலி செய்யும்போது அந்தத் தொகையையும் இழந்தால் இரட்டைச் செலவு.

அதனால் சம்மதம் கேட்கும்போதே மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள். எந்த அறைக்கு என்ன நிறம் என்பது ஒன்று. செலவு யாருடையது, பாதி பாதியா என்பது இரண்டு. காலி செய்யும்போது பெயின்டிங் கழிவு (அட்வான்ஸிலிருந்து பிடிக்கும் அந்தத் தொகை) உண்டா இல்லையா, பழைய நிறத்துக்குத் திருப்பி அடித்துக் கொடுக்க வேண்டுமா என்பது மூன்று. பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். முடிந்தால் அதையே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. சண்டைக்குப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. செலவைப் பகிர்ந்துகொள்ளப் பேசும்போது உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்து பேசலாம்.

வேலை தொடங்கும் முன் எல்லாச் சுவர்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசல், ஆணி ஓட்டை, ஈரத்திட்டு எல்லாம் அதில் பதிவாக வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அசோசியேஷனிடமும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கேட்பது வேலையாட்களின் ஆதார் நகல், வேலை நடக்கும் தேதிகள், லிஃப்டில் சாமான் ஏற்ற அனுமதி. சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள். ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பால்கனியின் வெளிப்பக்கச் சுவரும் வாசல் கதவின் வெளிப்பக்கமும் பொதுத் தோற்றத்தில் சேர்ந்தவை, அவற்றில் கை வைக்க வேண்டாம்.

2. தேதி குறியுங்கள்

மாசி முதல் வாரத்தில், அதாவது பிப்ரவரி நடுவில், ஓனரிடம் பேசுங்கள். மாசி முடிவதற்குள் ஆள் பார்த்து கொட்டேஷன் வாங்கிவிட வேண்டும். பங்குனி முதல் இரண்டு வாரம் வேலை, கடைசி இரண்டு வாரம் திரைச்சீலை, விளக்கு, அடுக்கல் என்று வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாது.

இதில் எளிதாகக் கண்ணில் படாத ஒரு சிக்கல் உண்டு. இப்போது சென்னை, கோவை, திருப்பூரில் பெயின்ட் வேலைக்கு வருபவர்களில் பலர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துக்காரர்கள். மார்ச்சில் ஹோலிக்கு அவர்களில் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். நம் ஊர்க்காரர்களோ பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புவார்கள். இரண்டு தேதிகளையும் காலண்டரில் பார்த்து, அவற்றால் வேலை பாதியில் நிற்காதபடி தொடங்குங்கள். பாதி பெயின்ட் அடித்த வீட்டில், கட்டிலை ஹாலில் போட்டுக்கொண்டு பத்து நாள் காத்திருப்பது பெரிய அவதி.

பங்குனி கடைசிக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஆனால் உச்சி வெயிலில் சூடேறிய சுவரில் அடிக்கவிடாதீர்கள். பெயின்ட் சட்டென்று காய்ந்து ரோலர் தடம் நின்றுவிடும். மேற்குப் பார்த்த சுவரைக் காலையிலும் கிழக்குப் பார்த்ததை மதியத்துக்கு மேலும் அடிக்கச் சொல்லுங்கள்.

3. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நீர்த்துளி படிந்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. குளியலறைக்கு அடுத்த சுவர், ஜன்னலுக்குக் கீழே, தரையோரம் ஒரு அடி உயரம், மாடிக்குக் கீழே இருக்கும் கூரை, இந்த நான்கு இடங்களிலும் கட்டாயம் பாருங்கள்.

ஈரம் மழையால் வந்ததென்றால் காயக் காத்திருக்கலாம். குழாய்க் கசிவால் வந்ததென்றால் பிளம்பர் வேலை முடியாமல் பெயின்ட்டைத் தொடாதீர்கள். எங்கள் ஹாலில் ஒரு சுவர் ஈரத்துக்குக் காரணம் மேல் வீட்டுக் குளியலறை. அது யார் செலவு என்று பேசி முடிவதற்குள்ளேயே மாசி பாதி போய்விட்டது. அதனால்தான் இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்கிறேன்.

உப்புப் பூத்த இடத்தில் வெள்ளைத் தூளைத் தேங்காய் நார் பிரஷ் போட்டு உலர்வாகவே தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். கரும்பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வாஷிங் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவாமல் எதை அடித்தாலும் பிடிக்காது.

பழைய வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் கதவு, ஜன்னல் கம்பிகளில் அடித்த எனாமல் பெயின்ட்டில் ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டி உப்புத்தாள் போட்டால் கிளம்பும் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகக் கெடுதல். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் குழந்தைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தூசியை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

4. நிறத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள்

நிற அட்டையில் இருப்பது தீப்பெட்டி அளவு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறி ஒன்றின் மேல் ஒன்று பட்டுத் திரும்பும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும். அட்டையில் "இதுதான் அழகு" என்று தோன்றுவதைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயின்ட்) ஈரத்தில் ஒரு மாதிரியும் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரியும், அதையும் மனத்தில் வையுங்கள்.

பிறகு, வீட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் ஊர் அடுக்குமாடிகளில் பல ஜன்னல்களுக்கு எதிரே சில அடி தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கும். அந்தச் சுவரின் நிறம் உங்கள் அறைக்குள் வந்து விழும். எதிரே மஞ்சள் சுவர் என்றால் உங்கள் இளநீலம் பச்சைக்குச் சாயும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் அந்தப் பச்சை வெளிச்சத்தில் வெளிர் ரோஜா அழுக்காகத் தெரியும். அங்கே தளிர்ப்பச்சையோ வெண்ணெய் நிறமோ அடித்தால் அறையே குளிர்ச்சியாகிவிடும். மாலை வெயில் அடிக்கும் மேற்கு அறைக்கு இளநீலம், புதினாப் பச்சை. வெளிச்சம் குறைந்த வடக்கு அறைக்குச் சந்தனம், பீச். லாவண்டர்தான் எல்லாவற்றிலும் முரண்டு பிடிக்கும். மஞ்சள் விளக்கில் அது சாம்பலாகிவிடுகிறது. பகலில் மட்டும் புழங்கும் அறைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தரையையும் மறக்காதீர்கள். சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பகுதியில் எப்போதும் ஒரு செம்மை ஏறியே இருக்கும். அதனோடு மாந்தளிர், கிரீம் நன்றாகச் சேரும். பழைய மொசைக் தரைக்கு இளம்பச்சை பொருந்தும்.

சரி, எப்படிச் சோதிப்பது? பிடித்த மூன்று நிறங்களில் சிறு சாம்பிள் டப்பா வாங்குங்கள். வெள்ளை சார்ட் தாளில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து அறையின் வெவ்வேறு சுவர்களில் ஒட்டுங்கள். காலையில் ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பாருங்கள். பழைய நிறத்தின் மேல் நேராகச் சாம்பிள் அடித்துப் பார்த்தால் பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும்.

விளக்கு இங்கே பெரிய விஷயம். எல்இடி பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அதில் பீச் நிறம் வெளிறிச் செத்துப்போகும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், அதில் இளநீலம் பச்சையாகும். 4000 கெல்வின் விளக்கில்தான் வெளிர் நிறங்கள் பகலில் பார்த்த மாதிரியே தெரியும். பெயின்ட்டை மாற்றும் முன் ஒரு பல்பை மாற்றிப் பாருங்கள். சில வீடுகளுக்கு அதுவே போதுமாக இருக்கும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு நிறம், மிஞ்சினால் மூன்று போதும். அறைக்கு ஒரு நிறம் வைத்தால் கதவு திறந்திருக்கும்போது பொம்மைக்கடை மாதிரி ஆகிவிடும். கூரை எங்கும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

5. அளவும் செலவும்

சதுர அடியை நீங்களே அளந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 44 அடி. சுவர் 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடி கதவு, 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டையும் கழித்தால் 403. கூரை தனியாக 120. பட்டி (மேடு பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பார்த்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக இந்த அறையின் சுவருக்கு 4 லிட்டர் டப்பா ஒன்று. சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும்.

கதவு, ஜன்னல் அளவைக் கழிப்பார்களா மாட்டார்களா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். பலர் கழிப்பதில்லை, அந்தப் பிசிறு வேலைக்கு நேரம் பிடிக்கும் என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் ரேட் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பெயின்ட் விலை கடைக்குக் கடை, நிறத்துக்கு நிறம் மாறும். தோராயமாக, சாதா எமல்ஷன் லிட்டர் 150 முதல் 250 ரூபாய், கழுவக்கூடிய நடுத்தர ரகம் 300 முதல் 500 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, பில் போட்டே வாங்குங்கள். ஓனர் பங்கு கேட்கும்போது அந்த பில்தான் ஆவணம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெளிர் நிறத்துக்குச் சாதா ரகம் வேண்டாம். கைத்தடத்தைத் துடைத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். காசு மட்டாக இருந்தால் ஹாலுக்கு மட்டும் நல்ல ரகம், கூரைக்கும் படுக்கையறைக்கும் சாதா ரகம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கொட்டேஷன் குறைந்தது இரண்டு பேரிடம் வாங்குங்கள். தாளில் இவை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்: எத்தனை கோட் பட்டி, பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்டா, எத்தனை கோட் பெயின்ட், எந்த நிறுவனத்தின் எந்த ரகம், சாமான் நகர்த்துவதும் மூடுவதும் யார், முடிந்தபின் தரை சுத்தம் யார், எத்தனை நாள். "ஃபுல்லா பண்ணிக் கொடுத்துடறேன் சார்" என்பது கொட்டேஷன் ஆகாது. பழைய சுவர் அடர்ந்த நிறமாக இருந்தால் வெள்ளை பிரைமர் கட்டாயம். அதை விட்டால் இரண்டு கோட்டில் முடியாது, மூன்றாவது கோட்டின் செலவு பிரைமரைவிட அதிகமாகும்.

பெயின்ட் டப்பாக்களில் பெயின்டர்களுக்காக நிறுவனங்கள் டோக்கனோ பாயின்ட்டோ வைத்திருக்கும். அது அவர்களுக்குக் கிடைக்கும் நியாயமான வருமானம், அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் 4 லிட்டர் போதும் என்ற இடத்தில் 10 லிட்டர் வாங்கச் சொன்னால் உங்கள் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். மெஷினில் நிறம் கலந்த டப்பாவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். தொடங்கும்போது கால்வாசி, பட்டியும் பிரைமரும் முடிந்ததும் பாதி, மீதி எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தபிறகு.

6. வேலை நடக்கும் நாட்களில்

வரிசை மாறக் கூடாது: முதலில் கூரை, அப்புறம் சுவர், கடைசியில் கதவு ஜன்னல். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் நான்கு மணி நேரம் விட வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

தண்ணீர் கலப்பதை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். எவ்வளவு தண்ணீர் என்று டப்பாவிலேயே இருக்கும். மக்கில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். நீர்த்துப்போன பெயின்ட் முதல் நாள் அழகாக இருக்கும், பிறகு தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டும்.

ஒரே நிறத்தில் இரண்டு டப்பா வாங்கியிருந்தால் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து பிறகு அடிக்க வேண்டும். வெளிர் நிறத்தில் வண்ணத் துளி மிகக் குறைவாகவே சேர்வதால் டப்பாவுக்கு டப்பா ஒரு இழை வித்தியாசம் வரலாம், அது சுவரின் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். கதவுகளுக்கு வெள்ளையோ கிரீமோ அடிப்பதாக இருந்தால் தண்ணீரில் கரையும் எனாமலைக் கேளுங்கள். ஆயில் எனாமல் இருட்டான அறையில் போகப்போக மஞ்சளாகிவிடும்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு, பட்டி அங்கங்கே மட்டும் என்றால், இரண்டு பேர் சுமார் ஒரு வாரத்தில் முடிப்பார்கள். ஒரு அறையை முழுதாக முடித்துக் காயவிட்டு, அங்கே சாமானை மாற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போகச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு டப்பாக்களையும் சாமி படங்களையும் முதல் நாளே துணியால் மூடிக் கட்டிவிடுங்கள்.

7. பெயின்ட் அடிக்க முடியாதவர்களுக்கு

ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், வெள்ளைச் சுவரை வைத்தே இளவேனிலைக் கொண்டுவரலாம். ஆனால் ஒட்டும் வால்பேப்பர் பக்கம் போகாதீர்கள். நம் கடலோர ஈரக்காற்றில் ஓரம் தூக்கிக்கொள்ளும், உரிக்கும்போது பழைய பெயின்ட்டையும் பட்டியையும் சேர்த்து எடுத்துவரும். அந்தச் செலவு உங்கள் அட்வான்ஸில்தான் போய் நிற்கும்.

துணிதான் எளிய வழி. கரூரில் ஏற்றுமதி ரகத் திரைச்சீலைகளும் விரிப்புகளும் கிடைக்கும், சென்னிமலை போர்வைகளில் வெளிர் கோடு போட்டவை உண்டு, கோ-ஆப்டெக்ஸ் கடையிலும் பாருங்கள். திரைச்சீலை வாங்கும்போது ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு விழும். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி, திரை ஜன்னலுக்கு மேலே தொங்கும். மேற்கு ஜன்னலுக்கு உள்துணி வைத்துத் தையுங்கள்.

வெளிர் நிறங்களுக்கு நடுவே கோரைப் பாய் ஒன்று விரித்தால் அந்த வைக்கோல் நிறம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி மல்லிகையோ நந்தியாவட்டையோ மிதக்கவிடுங்கள். மார்ச் தொடங்கினால் மல்லிகை விலை இறங்கிவிடும்.

8. வேலை முடிந்தபிறகு

கடைசித் தவணை கொடுக்கும் முன், காலையில் ஜன்னலைத் திறந்து சுவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ரோலர் தடம், சுவிட்ச் பெட்டி ஓரம், கதவுக்குப் பின்புறம், ஏசிக்கு மேலே, விட்டுப்போகும் இடங்கள் இவைதான். சுவரைக் குறைந்தது இரண்டு வாரம் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள்.

மீந்த பெயின்ட்டில் அரை லிட்டரைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, நிறத்தின் எண்ணையும் அறையின் பெயரையும் எழுதி ஒட்டி நிழலில் வையுங்கள். டப்பாவின் மூடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி ஓட்டை அடைக்க, காலி செய்யும்முன் ஒப்பேற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும். கடைசியாக பில்கள், கொட்டேஷன், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஓனருக்கு ஒரே நாளில் அனுப்பி, "வேலை முடிந்தது, பெயின்டிங் கழிவு பற்றி நாம் பேசியபடி" என்று ஒரு வரி எழுதி, அவர் பதிலையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.